நடுத்தொண்டையில நிக்கிற சளி

அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தேனி ஸ்டாண்டுல பஸ்ஸு கெளம்புனதுலருந்து இது ஏழாவது தடவ. எண்ணணும்னு எண்ணல, காது பழகிப் போச்சு. செருமுறீங்க, செருமிட்டு ஜன்னல் பக்கம் திரும்புறீங்க, துப்பலாமான்னு பாக்குறீங்க, ஒன்னும் வரல, திருப்பி முழுங்கிக்கிறீங்க. சரியா? வெளியவும் வராது, உள்ளயும் போகாது. பந்தி முடிஞ்ச பெறகும் எலைக்கு முன்னாடி எந்திரிக்காம ஒக்காந்துருப்பான்ல ஒருத்தன், அந்த மாதிரி நடுத்தொண்டையில சப்பணம் போட்டு ஒக்காந்துருக்கும். தெரியும்ணே. ஒன்றர வருசம் அதோட குடும்பம் நடத்துனவன் நான்.

வெக்கப்படாதீங்க. முன் சீட்டு அம்மா திரும்பிப் பாத்தாப் பாத்துட்டுப் போகுது. உங்களுது நல்ல செருமல். எங்க ஊர்ல நான் செருமுனா ஆளுக கைல இருக்க டீய கீழ வெச்சுருவாய்ங்க. மரியாதைண்ணே. ஏன்னா நான் செருமுனா ஊர்ல யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு அர்த்தம்.

எனக்கு ஊரு போடி. பேரு லோகேஸ்வரன். லோகுன்னா கொஞ்சப் பேருக்குத் தெரியும், 'வருந்துகிறோம்'னா எல்லாருக்கும் தெரியும். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேந்தேன், ரெண்டாவது வருசத்தோட நின்னுட்டேன். அவய்ங்க நிப்பாட்டல, நானா நின்னேன். டிராயிங் வாத்தியாரு நான் வரைஞ்ச நட்டப் பாத்துட்டு இது என்ன தம்பி கொழுக்கட்டையான்னு கேட்டாரு. வேக வெச்சுத் தாறேன் சார், சாப்ட்டுட்டுச் சொல்லுங்கன்னேன். அதோட படிப்பு முடிஞ்சுச்சு.

கையில வேல இல்ல, வாய் மட்டும் இருக்கு. அப்பத்தான் மைக் செட் ஆட்டோ வெச்சிருந்த டிரைவர் மாமா கூப்ட்டாப்ல. சொந்த மாமா கெடையாது, போடியில பாதிப் பேருக்கு அவரு மாமாதான். அம்பதத் தாண்டுன ஆளு, எப்பப் பாத்தாலும் மூஞ்சிய உம்முன்னு வெச்சிருப்பாப்ல. ஆட்டோ மேல ரெண்டு ஸ்பீக்கர் கொழாய் கட்டியிருக்கும். முன்னாடி அவரு, பின்னாடி மைக்கோட நான். தண்ணி வராது, போலியோ சொட்டு மருந்து, கண் சிகிச்ச முகாம், எது வந்தாலும் சொல்லுவோம். ஆனா மெயின் தொழில் சாவுதான். எங்க ஊர்ல ஒருத்தர் தவறிட்டா மொதப் போன் சொந்தக்காரங்களுக்கு, ரெண்டாவது போன் எங்களுக்கு. தெருத்தெருவாப் போயி இன்னார் மகன், இன்னார் தகப்பன், இன்னைக்கு இத்தன மணிக்கு எடுக்குறாங்கன்னு சொல்லணும். மத்த ஊர்ல செல்லுல பதிஞ்சு ஓட விட்டுருவாய்ங்க. மாமா ஒத்துக்க மாட்டாப்ல. செத்த மனுசன வாயால சொல்லணும்டா, மெசினச் சொல்ல விட்டா பழைய இரும்பு வாங்குற வண்டி மாதிரி ஆகிப் போகும்பாப்ல.

மொத மாசம் எனக்குத் தொண்ட நல்லாத்தான் இருந்துச்சு. அதான் பிரச்சனையே. நான் சாவு சொன்னா சர்க்கஸ் வந்த மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள்லாம் ஆட்டோ பின்னாடி ஓடி வரும். மாமா தலையில அடிச்சுக்குவாப்ல.

அப்பறம் ஒரு ஐப்பசியில புடிச்சுச்சுண்ணே சளி. காய்ச்சல் போச்சு, மூக்கு ஒழுகுறது போச்சு, தொண்டையில மட்டும் ஒரு உருண்ட தங்கிருச்சு. அன்னைக்கு ஒரு ரிட்டயர்டு தாசில்தாரு எறந்துட்டாரு. மைக்க ஆன் பண்ணிட்டு ஒரு செருமு செருமுனேன், கொழாய் ரெண்டும் அதிருது. 'வருந்துகிறோம்'னேன். கொரலு கரகரன்னு, ஓரத்துல லேசா ஒடஞ்சு வருது. தெருவுல ஒரு அக்கா வாசல்ல மொளகா காயப் போட்டுட்டு இருந்துச்சு, அந்த தாசில்தார ஜென்மத்துல பாத்திருக்காது, முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைக்குது. மாமா கண்ணாடியில என்னையப் பாத்தாப்ல. பாத்துட்டு ஆட்டோவ மெதுவாக்குனாப்ல.

அதுலருந்து பாருங்க, சின்னமனூர், தேவாரம்னு வெளியூர்லருந்தெல்லாம் கேட்டு வர ஆரம்பிச்சாய்ங்க. அந்தச் சளிப் பையன அனுப்புங்கன்னே சொல்லுவாய்ங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா, ஊருக்கு என் செருமலே பாதிச் செய்தி ஆகிப் போச்சு. மைக்குல க்ர்ர்ம்னு சத்தம் கேட்டாப் போதும், மிக்சிய நிப்பாட்டுவாங்க, டிவிய அமத்துவாங்க, வாசலுக்கு வந்து யாரு யாருன்னு நிப்பாங்க. சொட்டு மருந்துக்குப் போனாலும் அதே கததான். ஆஸ்பத்திரியிலருந்து அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்த ஒரு பெருசு, வாசல்ல ஈசி சேர்ல படுத்திருக்காரு. நான் செருமுனதும் எந்திரிச்சு ஒக்காந்து, தம்பி, நானா இருந்தாச் சொல்லிருப்பா, மாத்திரய இத்தோட நிப்பாட்டிக்கிறேங்குறாரு.

எங்கம்மாவுக்குத்தான் கவல. எனக்குப் பொண்ணு பாக்க ஒரு வீட்டுக்குப் போன் பண்ணிக் கொடுத்துச்சு. நான் செருமிட்டு ஹலோன்னேன். அந்தப் பக்கம் அந்தம்மா பதறிப் போயி, ஐயோ யாரு, எப்பங்குது.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா லேசா எளகும்.

இப்பத்தான் மெயின் மேட்டருக்கு வாறேன். எங்க ஊர்ல புதுசா ஒரு ஜவுளிக்கட தெறந்தாய்ங்க, மூனு மாடி. உள்ள மைக்குல பேச ஆளு வேணும்னு சொன்னாய்ங்க. கீழ்த்தளத்துல சுடிதார், மேல்தளத்துல பட்டு, மூனாவது தளத்துல இலவசமா ஜூஸ், இதச் சொல்லிக்கிட்டே இருக்கணும். ஏசி, சொழலுற சேரு, பேரு போட்ட டீசர்ட்டு. எனக்கு அது கலெக்டர் உத்தியோகம்ணே. வெயில்ல பாடைக்கு முன்னாடி போறவன் நான். மேனேஜர் செங்குட்டுவன்னு ஒருத்தரு, பேசிக் காட்டுன்னாரு. செருமிட்டு, வாங்க வாங்க, உங்கள் அன்பான வருகைக்குன்னேன். கல்யாணச் சேலை பாத்துக்கிட்டு இருந்த ஒரு குடும்பம் அப்படியே கைய எடுத்துட்டாங்க. பொண்ணோட அப்பா இன்னைக்கு வேணாம், நாளைக்கு வருவோம்னு கூட்டிட்டுப் போயிட்டாரு.

மேனேஜரு நல்ல மனுசன்தான். பதினஞ்சு நாள் டைம் தாறேன், தொண்டைய சரி பண்ணிட்டு வான்னாரு. இன்னொன்னும் சொன்னாரு, இங்க சேந்தா சாவு சொல்ற வேலய அடியோட விட்டுறணும், ஒரு கொரலு ஒரு எடத்துலதான் இருக்கணும்னு. நியாயந்தானே. சரின்னுட்டேன்.

அந்தப் பதினஞ்சு நாள் இருக்கே அண்ணே, என் தொண்ட வழியாப் போகாத செடி கொடி போடி மலையில இல்ல. எங்கம்மா நொச்சி எலையப் போட்டு ஆவி புடிக்க வெச்சுச்சு. போர்வைக்குள்ள நான், அண்டாவுக்குள்ள கொதிக்கிற தண்ணி. போதாதுன்னு நானே தைலத்த எடுத்து ஒரு பாட்டில் பூராம் கவுத்துட்டேன். கண்ணு தெரியல, காது அடச்சிருச்சு, போர்வையோட எந்திரிச்சு ஓடி பீரோவுல முட்டிக்கிட்டேன். சளி மட்டும் அசையல. உப்புத் தண்ணிய வெதுவெதுன்னு வெச்சுக் கொப்பளிச்சேன். கற்பூரவல்லி எலைய மென்னேன், ஆடு மாதிரி. தூதுவள ரசம் வெச்சாங்க, அதுல ஒரு முள்ளு எடுக்காம விட்டுட்டாங்க, சளிக்குத் தொணையா அதுவும் தொண்டையில போயி ஒக்காந்துக்கிச்சு. டீக்கடைக்குப் போனா அங்க இருக்கவன் பூராம் வைத்தியன். பால்ல மஞ்சளும் மொளகும்கிறான் ஒருத்தன். பாலே ஆகாது, நண்டு ரசம் குடிங்கிறான் இன்னொருத்தன். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாய்ங்க, நான் ரெண்டையும் குடிச்சேன். அன்னைக்கு ராத்திரி தொண்டைய மறந்துட்டேன்ணே, வேற வேல வந்துருச்சு.

கடைசியா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ராத்திரி எத்தன மணிக்குச் சாப்புடுவன்னு கேக்குறாரு. பத்தரைக்கு, நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆஃப்பாயிலுன்னேன். எத்தன மணிக்குப் படுப்பங்கிறாரு. கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ளன்னேன். அதான் தம்பி, வயித்துல இருக்க புளிப்பு ராவுல மேல ஏறித் தொண்டையப் புண்ணாக்குது, அதுக்குத்தான் சளி கட்டுது, நீ செருமச் செரும இன்னும் கட்டும்னாரு. ஏழு மணிக்குச் சாப்புடு, மூனு மணி நேரம் கழிச்சுப் படு, தலமாட்ட ஒசத்து, செருமல் வந்தா ஒரு வாய் தண்ணி குடின்னாரு. நாலு வாரம் பாப்போம், கேக்கலைன்னா வா, ஸ்கோப்னு ஒரு கொழா விட்டுப் பாப்போம்னு ஒரு மாத்திரையும் எழுதுனாரு. எப்படி இருக்கு பாருங்க. நான் தொண்டையக் காட்டுறேன், அவரு வயித்தப் பத்திப் பேசுறாரு. டயரு பஞ்சருன்னு போனா ஹாரனக் கழட்டிப் பாக்குற மாதிரி.

இத ஒரு ஜோக்கா மாமாட்டச் சொன்னேன். அந்தாளு சிரிக்கல. அன்னைலருந்து புடிச்சுச்சுண்ணே எனக்கு ஏழரை. வழக்கமா வேல முடிஞ்சு பரோட்டாக் கடையில நிப்பாட்டுற ஆளு, கட வந்தா ஆக்சிலேட்டரத் திருகுறாப்ல. சாயங்காலம் ஆறரைக்கு அவரு வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாப்ல. அவரு சம்சாரம் பேச்சியம்மா அக்கா ஆறு இட்டிலியும் சட்டினியும் வெச்சுரும். சாப்ட்டு முடிச்சதும் அவரு குடியிருக்க சுப்புராஜ் தெருவ நாலு சுத்து சுத்த விடுவாப்ல. எங்க வீட்டுக்கே வந்து என் கட்டிலு தலமாட்டுக் கால் ரெண்டுக்கும் செங்கல் வெச்சுட்டுப் போனாப்ல, மொத நாள் ராத்திரி பூராம் நான் கீழ வழுக்கிக்கிட்டே கெடந்தேன். மாத்திர போட்டியா போட்டியான்னு காலைல போன் வேற. நான் செரும வாயத் தொறந்தா முன்னாடியிலருந்து ஒரு தண்ணி பாட்டில் பறந்து வரும்.

"செருமாதடா. குடிச்சு முழுங்கு. தொண்டையா இது, சைலன்சரா."

நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டேன். இந்தாளுக்கு நான் கூட இருக்கது புடிக்கல. எப்படா ஜவுளிக்கடைக்கு வெரட்டி விடலாம்னு குறியா இருக்காப்ல. இருக்கட்டும், நமக்கும் மானம் இருக்குல்லன்னு நானும் பேச்சக் கொறச்சுக்கிட்டேன்.

பதிமூனாம் நாள் காலைல எந்திரிக்கிறேன், தொண்டையில ஆளக் காணோம். காலி பண்ணிட்டுப் போயிட்டான். வாங்க வாங்கன்னு சொல்லிப் பாத்தேன், மணி அடிச்ச மாதிரி இருக்கு. எதுனால போச்சுன்னு கேளுங்க. அதிமதுரம்ணே. அந்த வாரம்தான் நாட்டு மருந்துக் கடையில ஒரு துண்டு வாங்கி வாய்ல அதக்கிக்கிட்டு இருந்தேன். ஒரே துண்டு. நல்லா நெனப்புல வெச்சுக்கங்க, அதிமதுரம். அந்த டாக்டரும் மாமாவும் சும்மா என்னையப் பாடாப் படுத்துனதுதான் மிச்சம்.

கடையில சேந்தேன். நாலு மாசம்ணே, ராஜா மாதிரி. குடும்பத்தோட வாங்க, குதூகலத்தோட போங்கன்னு நான் சொன்னா ரோட்டுல போறவன் செருப்பக் கூடக் கழட்டாம உள்ள வருவான். மாமா வேற ஆளு வெச்சுக்கல, அவரே ஓட்டிக்கிட்டு அவரே பேசுவாப்ல. சகிக்காது. அறிவிப்பு மாதிரி இருக்காது, அதட்டுற மாதிரி இருக்கும். கட வாசலத் தாண்டும்போது மட்டும் ரெண்டு தடவ ஹாரன் அடிப்பாப்ல. எதுக்கு அடிக்கணும்? என்னையக் கடுப்பேத்தத்தான்.

ஆடித் தள்ளுபடி தொடங்குற அன்னைக்குக் காலைல ஆறு மணிக்குப் போன் வந்துச்சு. பேச்சியம்மா அக்கா. மாமா விடியக்காலைல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாராம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சாம். அக்கா அழுகல. ஒன்னுதான் சொன்னுச்சு.

"ஊருக்குச் சொல்லணும் லோகு. வேற யாரு சொல்லுவா."

போனேன். ஆட்டோ வீட்டு வாசல்ல நிக்குது, சாவி அதுலயே தொங்குது. மேனேஜரு போன் போடுறாரு, ஒம்போது மணிக்கு மைக்குல நீ இருக்கணும், வருசத்துக்கு ஒரு நாளு, வரலைன்னா வேற ஆள ஒக்கார வெச்சுருவேன், அப்பறம் என்னையக் கேக்காதன்னாரு. அவரத் தப்புச் சொல்ல முடியாது. போனை அமத்திச் சட்டப் பையில போட்டுக்கிட்டேன்.

ஆனா எனக்குப் பயமே வேறண்ணே. கொரலு. நாலு மாசமா ஜவுளிக்கடையில பளபளன்னு வெளக்கி வெச்ச கொரலு. ஆட்டோவுக்குப் பின்னாடி நின்னு மெதுவா வருந்துகிறோம்னு சொல்லிப் பாத்தேன், என்னமோ பட்டுச் சேலைக்குத் தள்ளுபடி வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டே வருது. அன்னாரது இறுதி ஊர்வலத்தில்னு ஆரம்பிச்சா, அனைவரும் குடும்பத்துடன்னு அது பாட்டுக்குப் போகுது. இப்படிச் சொன்னா அந்தாளு பாடையிலருந்து எந்திரிச்சு வந்து ஓங்கி ஒன்னு விடுவாப்ல. எனக்குச் சளி வேணும். அப்பவே வேணும். பேக்கரிக்கு ஓடி ரெண்டு கப்பு ஐஸ்கிரீம் தின்னேன். ஐஸ் போட்டு ரோஸ்மில்க் குடிச்சேன், அது மேல ஒரு வாழப்பழம். கடைக்காரன் என்னைய ஒரு மாதிரி பாக்குறான், சாவு வீட்டுலருந்து வந்து ஐஸ்கிரீம் திங்குறானேன்னு. செருமிப் பாக்குறேன், கண்ணாடி மாதிரி இருக்கு தொண்ட. ஒன்றர வருசம் போ போன்னு கும்புட்டேன், போகல. இப்ப வா வாங்குறேன், வரல.

ஓட்ட ஆளு இல்ல. நானே முன் சீட்டுல ஒக்காந்தேன். அவரு சீட்டு. எனக்கு சரியா ஓட்டவும் வராது. ஒரு கையில மைக்கு, ஒரு கையில ஹாண்ட்பாரு. சுப்புராஜ் தெரு முக்குலயே ரெண்டு தடவ ஆஃப் ஆயிருச்சு. அடுத்த தெருவுக்குள்ள போயி மைக்க ஆன் பண்ணுனேன். வருந்துகிறோம். நமது ஊர் சுப்புராஜ் தெருவைச் சேர்ந்த, பேச்சியம்மாள் அவர்களின் கணவரும், மைக் செட் ஆட்டோ ஓட்டுநருமான. இது வரைக்கும் வந்துச்சு. பேரச் சொல்லணும்.

அப்பத்தான்ணே அந்த ரோஸ்மில்க் வேல செஞ்சுச்சு. சரியா அந்த எடத்துல. தொண்டைய யாரோ உள்ளருந்து கையால புடிச்ச மாதிரி அடச்சிருச்சு. செருமுறேன். போகல. மறுபடி செருமுறேன். கொழாய் ரெண்டுலயும் க்ர்ர்ம் க்ர்ர்ம்னு அது மட்டுந்தான் போகுது.

ஆளுக வாசலுக்கு வந்துட்டாங்க. மொளகா காயப் போடுற அந்த அக்கா வந்துச்சு. ஈசி சேர் பெருசு கம்ப ஊனிக்கிட்டு எந்திரிச்சு வந்தாரு, இன்னும் இருக்காரு மனுசன். எல்லாரும் மொதல்ல கொழாயப் பாத்தாங்க. அப்பறம் ஆட்டோ ஓட்டுற சீட்டப் பாத்தாங்க. அதுல நான் ஒக்காந்துருக்கேன். ஒருத்தர் கூட யாருன்னு கேக்கலண்ணே. அந்த அக்கா அப்படியே படியில ஒக்காந்துருச்சு. பெருசு மட்டும் கிட்ட வந்து, என் கையில இருந்த மைக்கோட சுச்ச அமத்திட்டு, போப்பா, அடுத்த தெருவுக்குப் போன்னாரு.

பதினோரு தெரு போனேன். பதினோரு தெருவுலயும் அந்த எடம் வந்தா அடைக்குது, செருமுறேன், நகர்றேன். எத்தன மணிக்கு எடுக்குறாங்கன்னு கூட நான் சொல்லல. ஆனா நாலு மணிக்கு சுப்புராஜ் தெருவுல நடக்க எடமில்ல. ஜவுளிக்கட மேனேஜரு மால வாங்கிட்டு வந்திருந்தாரு. 

இல்லண்ணே, வேலய விட்டுட்டேன். ஏசி நமக்கு ஒத்துக்காது. இப்ப பேச்சியம்மா அக்காட்டருந்து ஆட்டோவ நான்தான் எடுத்து ஓட்டுறேன். இட்டிலி? அது ஆறரைக்கே சாப்ட்டுருவேன். அக்கா தனியா ஒக்காந்து சாப்புடக் கூடாதுல்ல, அதுக்காகத்தான்.

இதுல எனக்கு என்ன புரியலைன்னா, மறுநாள் காலைல சளி இல்ல. சுத்தமா இல்ல. அதுக்கப்பறம் எத்தனையோ சாவு சொல்லிட்டேன், ஒரு எடத்துல கூட அடைக்கல. ஆனா அந்த ஒரு பேரச் சொல்லப் போனா வந்துருது. வேற எதுக்கும் வர்றதில்ல. ஆர்டிஓ ஆபீசுல ஆட்டோ பேப்பரு மாத்துறதுக்குப் பேரு கேட்டாலும் சரி, எழுதித்தான் காட்டுறேன். எங்க ஊரு டாக்டரு திரும்பவும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒன்னுமே இல்ல தம்பிங்கிறாரு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுச்சா, நல்லாத் தூங்குறியான்னு என்னத்தையோ கேக்குறாரு. அவருக்குத் தொண்டையப் பத்தி ஒன்னும் தெரியாதுண்ணே. அதான் மதுரைக்குக் கெளம்பிட்டேன், பெரிய ஸ்பெசலிஸ்ட்டு, கொரலு கெட்டுப் போகாம தொண்டையில கொழா விட்டுப் பாப்பாராம்.

பஸ்ஸு கணவாய் எறங்கிருச்சு, உசிலம்பட்டி வந்துரும். நீங்க அங்கதான எறங்கணும்? பைய எடுத்துக்கங்க. அதிமதுரம், மறந்துராதீங்க.

என்னண்ணே கேட்டீங்க? யாரு, டிரைவர் மாமாவா?

பேரா.

அவரு பேரு வந்து.

இருங்கண்ணே, ஒரு நிமிசம். இந்தா, பாத்தீங்களா. பாத்தீங்களா, வந்துருச்சு. கேளுங்க, நல்லாக் கேளுங்க, இந்தச் சத்தந்தான். சளிண்ணே. ஒன்னுமில்ல, வெறும் சளி. எறங்குங்க நீங்க, பஸ்ஸு நிக்காது.